ஏழு கதவு, ஒரு ஜன்னல்

கேள்வி: அமெரிக்காவில் நியூபர்க் என்ற ஊரில் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கியிருந்த பழைய கல் வீட்டை 170 வருஷத்துக்கு மேலாக அரசு கட்டிக் காக்கிறதாம். அங்கே ஒரு சண்டைகூட நடக்கவில்லை. பெரிய மனிதர் படுத்த கட்டிலைக் கும்பிடும் வியாதி அவர்களுக்கும் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ‘வாஷிங்டன் இங்கே உறங்கினார்’ என்ற பலகையை வைத்து அவர்களே ஜோக் அடிப்பார்கள். ஆனால் கிண்டலுக்கு நீங்கள் தப்பான வீட்டைப் பிடித்துவிட்டீர்கள்.

பக்தி முற்றிப்போய் அரசு அதைத் தேடி வாங்கவில்லை. வீட்டை அடமானம் வைத்த ஹாஸ்ப்ரூக் குடும்பத்து வாரிசால் கடனைக் கட்ட முடியவில்லை. வீடு நியூயார்க் மாநிலத்தின் தலையில் விழுந்தது. ஏலத்தில் தள்ளிவிடாமல் 1850-இல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அங்கே அரசே வரலாற்றுச் சின்னமாக வைத்துக்கொண்ட முதல் வீடு இதுதான்.

மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஹட்சன் ஆற்றோரம் டச்சு பாணியில் கட்டிய வீடு. நடு அறைக்கு ஏழு கதவு, ஒரே ஜன்னல். நம்மூர் வாஸ்துக்காரர் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். கணப்புக்குப் பக்கச்சுவர் கிடையாது. தரையில் தீ எரியும், மேலே இருக்கும் கூண்டு புகையை இழுத்துக்கொள்ளும். கணவரை இழந்த ட்ரின்ட்யே ஹாஸ்ப்ரூக் அம்மாள் வீட்டை ஒழித்துக் கொடுக்க, 1782 ஏப்ரல் முதல் 1783 ஆகஸ்ட் வரை அதுதான் படைத் தலைமையகம்.

சண்டை நடக்கவில்லை, சரி. பிரிட்டனை எதிர்த்த விடுதலைப் போரில் யார்க்டவுன் என்ற ஊரில் ஜெயித்தாயிற்று, சமாதானம் கையெழுத்தாகவில்லை, படைக்கோ சம்பள பாக்கி. கையில் துப்பாக்கியும் வயிற்றில் பசியுமாக ஒரு படை சும்மா உட்கார்ந்திருப்பது சண்டையைவிட ஆபத்து. 1782 மே மாதம் லூயிஸ் நிக்கோலா என்ற கர்னல், நீங்களே ராஜாவாகிவிடலாமே என்கிற தோரணையில் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கே பதில் போனது: அந்த நினைப்பை மனசிலிருந்து துரத்திவிடும்! வந்த நாற்காலியை வேண்டாம் என்ற ஆள் தங்கிய வீடு ஐயா அது.

பெரிய மனிதர் கதை மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 7-ஆம் தேதி அங்கிருந்து ஓர் உத்தரவு போனது. அரிய செயல் செய்த சாதாரணச் சிப்பாய்க்கு இடது மார்பில் இதய வடிவத்தில் ஓர் ஊதாத் துணி, ஓரத்தில் மெல்லிய பட்டை. போரில் காயம்பட்ட, உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தரும் இன்றைய ‘பர்ப்பிள் ஹார்ட்’ (ஊதா இதயம்) பதக்கத்துக்கு அதுதான் மூதாதை. கொடுக்கக் காசில்லை, துணி இருந்தது. அதைத் தைத்துக்கொண்டு வருபவனை, அதிகாரியை விடுவதுபோல, எந்தக் காவலாளியும் மறிக்காமல் விட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.