நல்ல செய்தியை யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 47. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முப்பதாவது வயதில், என்னென்ன கிடைத்தால் மகிழ்ச்சியாக இருப்பேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன்: சொந்த வீடு, கடனில்லாத நிலை, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு, பிரிவின் தலைமைப் பொறுப்பு. நான்கும் கிடைத்துவிட்டன. ஆனால் எதுவும் பதினைந்து நாள்கூட இனிக்கவில்லை. வீடு கட்டி முடித்த மூன்றாம் மாதமே அதன் குறைகள்தாம் கண்ணில் பட்டன.

என் அண்ணனுக்கு என் வருமானத்தில் பாதிதான். இன்னும் வாடகை வீடு. ஆனாலும் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் எனக்கு முன்பே பதவி உயர்வு பெற்றார். அந்த ஆண்டு முழுவதும் நான் நிம்மதியாக இல்லை. இப்போது அதே பதவிக்கு நானும் வந்துவிட்டேன். (உத்தரவு கைக்கு வந்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். கல்லூரி நண்பர் ஒருவரின் பெயரில் மட்டும் விரல் சற்று நின்றது. சொந்தமாக அச்சகம் தொடங்கியிருப்பதாக நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் அழைத்துச் சொன்னபோது, "இந்தக் காலத்தில் அச்சகமா, கடன் எவ்வளவு?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. அது இங்கே தேவையற்ற கதை.) அந்தப் பதவியும் இனிக்கவில்லை.

தியானம் பழகினேன். நன்றிக் குறிப்பேடு ஒன்றை ஆறு மாதம் எழுதினேன். "உங்களுக்கு எது கிடைத்தாலும் போதாது" என்கிறார் மனைவி. இவ்வளவு உழைத்த எனக்குக் கிடைக்காதது, உழைக்காத அண்ணனுக்கு எப்படிக் கிடைத்தது? மகிழ்ச்சிக்கு என்னதான் வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீடும் பதவியும் விரைவில் பழகிப்போனது உங்கள் குறையன்று; மனித மனத்தின் இயல்பு அது. அமெரிக்காவில் 1978இல் வெளியான ஓர் ஆய்வு, லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை என்பதோடு, அன்றாடச் சிறு இன்பங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே சுவைத்தார்கள் என்றும் கண்டது. லாட்டரிக்கே கதி அதுவென்றால், கட்டிய வீட்டைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் உயிர் அடைப்புக்குறிகளுக்குள் இருக்கிறது. தேவையற்ற கதை என்று நீங்கள் ஒதுக்கியதை நான் மூன்று முறை படித்தேன். வாழ்வில் பெரிதும் விரும்பிய செய்தி கைக்கு வந்த நாளில், அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பெயர்களுக்கிடையே உங்கள் மனைவியும் அண்ணனும் இருந்திருப்பார்கள். அவர்களையும் தாண்டித்தான் விரல் சென்றிருக்கிறது. பதவி இனிக்கவில்லை என்கிறீர்கள். பகிர்வதற்கு ஒருவரும் இல்லாதபோது அது எப்படி இனித்திருக்கும்?

ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர், ஒருவர் தம் நல்ல செய்தியைச் சொல்லும்போது கேட்பவர் அதை எப்படி எதிர்கொள்கிறார் என்பதை ஆராய்ந்தவர். உற்சாகமாகக் கேட்டு மேலும் விசாரிப்பவர் உண்டு. மெலிதாகத் தலையசைத்து விடுபவர் உண்டு. பேச்சை மாற்றுபவர் உண்டு. அந்தச் செய்தியிலேயே ஓட்டையைத் தேடுபவரும் உண்டு. "கடன் எவ்வளவு?" என்ற உங்கள் கேள்வி இதில் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காதலர்களிடம் அவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், துன்பத்தைச் சொன்னபோது துணை நடந்துகொண்ட விதத்தைவிட, நல்லதைச் சொன்னபோது நடந்துகொண்ட விதமே உறவின் நலத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. துக்கத்தில் தோள் கொடுப்பதைப் பெரிதாகப் பேசும் நாம், மகிழ்ச்சியில் முகம் மலர்வதை ஒரு கடமையாக நினைப்பதே இல்லை.

இதை எழுதச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அண்ணன் வருகிறார், சக ஊழியர் வருகிறார், நண்பர் வருகிறார். மூவருடைய நல்ல நிலையும் உங்கள் நிலையை அளக்கும் கோலாகவே வந்திருக்கிறது. ஓரிடத்திலும் அது உங்களை மகிழ்வித்ததாக எழுதவில்லை. அண்ணன் உழைக்காதவர் என்று எதை வைத்து முடிவுகட்டினீர்கள்? வருமானம் குறைவு என்பதைத் தவிர வேறு சான்று கடிதத்தில் இல்லை. நண்பர் விலகியதை ஏதோ தானாக நிகழ்ந்ததுபோல் குறிப்பிடுகிறீர்கள். அவர் விலகவில்லை; நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். கெட்ட எண்ணத்தால் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எண்களோடு வாழ்ந்தவருக்கு, அக்கறைகூடக் கணக்காகவே வெளிப்பட்டிருக்கலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி, பல நூறு பேரின் வாழ்வை முதுமை வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஐம்பதாவது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பதாவது வயதில் அதிக நலத்தோடு இருந்தார்கள் என்றும், அதை முன்கூட்டிக் காட்டுவதில் ரத்தக் கொழுப்பின் அளவைவிட அந்த நிறைவே சிறந்த அடையாளமாக இருந்தது என்றும் அது கண்டது. உங்களுக்கு ஐம்பது வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

குறிப்பேட்டையும் தியானத்தையும் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். பசியும் தூக்கமும் கெட்டு, எதிலுமே நாட்டமற்ற நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்று மனைவியிடம், உத்தரவு வந்த நாளில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லுங்கள். பிறகு நண்பரை அழையுங்கள். உங்கள் பதவி உயர்வைப் பற்றிப் பேச வேண்டாம். அது பிறகு வரட்டும். அவர் எடுக்காமல் போகலாம், எடுத்தாலும் பேச்சில் பழைய நெருக்கம் இல்லாமல் இருக்கலாம். அந்த வருத்தத்தை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். அன்று அப்படிக் கேட்டது தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அச்சகத்தைப் பற்றி விசாரியுங்கள். நான்கு ஆண்டுகளில் அது என்ன ஆயிற்று என்பதே உங்களுக்குத் தெரியாதே.