விளங்காத இடத்தில் 'யெஸ்' சொல்லாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் வீடு, அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 6.5 வாங்கி இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் படிக்க வந்து மூன்று வாரம், ஆனால் பஸ் டிரைவர் சொல்வதுகூட விளங்கவில்லை என்கிறாய். எந்த இலக்கணப் புத்தகம் வாங்குவது, பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போவது, அறைக்கு என்ன வாடகை கொடுக்கலாம், எந்த சிம் நல்லது, குளிருக்கு என்ன கோட் என்று ஐந்து கேள்வி கேட்டிருக்கிறாய். என்னை அண்ணன் என்று வேறு அழைத்திருக்கிறாய். என் மூத்த மகனுக்கும் உனக்கும் நாலு வயதுதான் வித்தியாசம் இருக்கும்; மாமா என்றே எழுதியிருக்கலாம். பரவாயில்லை, அண்ணன் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வாடகை, சிம் எல்லாம் உன் வயதுப் பையன்களிடம் கேள். நான் வாடகை அறையில் இருந்த காலத்துக் கணக்கு இன்றைக்குச் செல்லாது. ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

புத்தகம் வாங்காதே. 6.5 எடுத்தவனிடம் இருக்கும் இலக்கணம் பஸ்ஸில் ஏறி இறங்கத் தாராளமாகப் போதும். அந்தப் பரீட்சையின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் உனக்கு விளங்கவேண்டும் என்றே நிறுத்தி நிதானமாகக் கேட்பவர். அதற்கு அவருக்குச் சம்பளம். தெருவில் யாருக்கும் அந்தச் சம்பளம் கிடையாது.

உன்னிடமிருந்து முதலில் பிடுங்கி எறியவேண்டியது ஒரு சொல்: யெஸ்.

நான் 2004 ஜனவரியில் வந்தேன். பகலில் படிப்பு, மாலையில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை. கோடை காலத்தில் ஒருநாள் மேற்பார்வை செய்யும் அம்மா வந்து, 'டு யூ மைண்ட் வேர்க்கிங் சண்டேஸ்?' என்று கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமையும் வேலையும்தான். பல்லெல்லாம் தெரிய, 'யெஸ், யெஸ்' என்றேன். நாலு வாரம் ஒரு ஞாயிறுகூட எனக்கு வேலை போடவில்லை. கறுப்பன் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று அறை நண்பர்களிடம் பொருமித் தீர்த்தேன். அந்த மே மாதம்தான் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. அங்கிருந்து வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண், சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'நீ ஏன் ஞாயிறு வேலைக்கு மாட்டேன் என்றாய்?' என்று கேட்டாள். 'மைண்ட்' என்றால் மறுப்பு உண்டா என்று கேட்பது. நான் சிரித்த முகத்தோடு, 'உண்டு, உண்டு' என்றிருக்கிறேன்.

இன்னொன்று இதைவிட மோசம். கிளினிக்கில் தாதி, 'உங்களுக்கு மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லையே?' என்ற பொருளில் கேட்டார். 'யெஸ்' என்றேன். எந்த மருந்து என்றார். 'நோ' என்றேன். அப்படியென்றால் ஒன்றும் இல்லையா என்றார். 'யெஸ்' என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாம் 'சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்போம். கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் கேள்வியைப் பார்க்காதே, நடந்ததைப் பார். சாப்பிடவில்லை என்றால் 'நோ', சாப்பிட்டாயிற்று என்றால் 'யெஸ்', கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும். இதை நான் படித்த எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த 'யெஸ்' நமக்கு எங்கிருந்து வந்தது என்று பல இரவு யோசித்திருக்கிறேன். சம்பள நாளில் அப்பாவோடு தோட்டத்து ஒபிசுக்குப் போவேன். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நிற்பார். கிளார்க்கர் ஐயா செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைப் பார்த்து முற்பணம், மாவு, கோயில், சங்கச் சந்தா என்று கடகடவென்று பிடிமானங்களை வாசிப்பார். அப்பா ஒவ்வொன்றுக்கும், 'சரிங்கய்யா'. வீட்டுக்கு வந்து முன்விறாந்தையான இஸ்தோப்பில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணும்போதுதான் அம்மா கேட்பார், இந்த நூறு ரூபாய் எதற்குப் பிடித்தார்கள் என்று. அப்பாவுக்குத் தெரியாது. அந்த ஜன்னலில் பேசியது ஆங்கிலமோ சிங்களமோ அல்ல, நம் தமிழ்தான். ஹோட்டல் குசினியில் என் வாயிலிருந்து வந்ததும் அந்தச் 'சரிங்கய்யா'தான்.

அதனால் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். 'சோரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்று ஒரு தடவை. பிறகும் விளங்காவிட்டால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை எழுதித் தரச் சொல். எவரும் உன்னை வேலையை விட்டு நிறுத்தமாட்டார்கள்.

நிறுத்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. பிறகு ஒரு கிடங்கில் வேலை செய்தேன். இரண்டாவது நாள் மேலாளர் கதவருகே நின்று, 'யூ வோண்ட் அவுட்?' என்று கேட்டார். வெளியே போகிறாயா என்கிறார், வேலை போய்விட்டது என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மனிதர் கடைக்குப் போகிறார், 'உனக்கு ஏதாவது வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறார். லீட்ஸ் இருக்கும் இந்த யோர்க்ஷயரில் 'எனிதிங்' என்பதற்கு 'அவுட்' போல ஒரு சொல், 'நத்திங்' என்பதற்கு 'நவுட்' போல ஒரு சொல். இது எந்த ஐஈஎல்டிஎஸ்ஸிலும் வராது. கடைக்கார அம்மா உன்னை 'லவ்' என்று அழைத்தால் கூச்சப்படாதே. நம் ஊரில் 'ராசா' என்பது போலத்தான். தாடி வைத்த டிரைவரும் அப்படி அழைப்பார். 'ஆல்ரைட்?' என்று கேட்டால் உன் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார். நான் ஆரம்பத்தில் தடிமன், காய்ச்சல் எல்லாம் விவரித்து ஒருவருடைய பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை 'டீ' என்ற சொல்லிலேயே வழுக்கி விழுந்த கதையும் உண்டு. பக்கத்து வீட்டுக் கிழவர், 'ஞாயிற்றுக்கிழமை டீக்கு வா' என்றார். வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கிடைக்கும் என்று நினைத்து, வயிறு முட்டச் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மேசையில் இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த கரட், குழம்பு. வட இங்கிலாந்தில் பலர் மாலைச் சாப்பாட்டையே 'டீ' என்கிறார்கள். மறுக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் நான் பட்ட பாடு! ஆனால் ஒன்று, அந்தக் கிழவர்தான் என் உண்மையான வகுப்பு. அவருக்குப் பேச ஆள் இல்லை, எனக்குக் கேட்க ஆள் இல்லை. மூன்று வருடம் வாரா வாரம் போனேன். நூலகங்களிலும் தேவாலயங்களிலும் பேச்சுப் பழகும் குழுக்கள் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் காசு இல்லை. அங்கேயும் போ. ஆனால் ஒரு கிழவரையோ கிழவியையோ பிடித்துக்கொள்.

மரியாதை விஷயத்தில் கவனமாக இரு. நமக்கு மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'தாருங்கள்' என்றால் போதும். அந்த வாலை வெட்டிவிட்டு 'கிவ் மீ வன் டிக்கெட்' என்றால், நீ 'டிக்கெட்டைக் கொடடா' என்றது போல் டிரைவர் பார்ப்பார். 'குட் (could) ஐ ஹேவ்' என்று தொடங்கு. நம்முடைய 'ங்கள்' அவர்களுக்கு 'குட்'டிலும் 'வுட்'டிலும் ஒளிந்திருக்கிறது. உச்சரிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நமக்குக் குடிக்கும் கோப்பிக்கும் பிரதி என்ற கொப்பிக்கும் நெடில் குறில்தான் வித்தியாசம். இவர்களுக்குக் கோப்பி சொல்ல மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். நான் நூலகத்தில் இரண்டு பக்கம் பிரதி எடுக்கப் போய், கோப்பி அங்கே விற்பதில்லை என்ற பதிலோடு திரும்பியவன்.

இலக்கணப் பயிற்சி வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், உண்மையான வாக்கியங்களை மட்டும் பேசிப் பழகு என்பேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் 'மை ஹவுஸ்' கட்டுரையை மனப்பாடம் செய்தோம். எங்கள் வீட்டில் நான்கு அறைகள், முன்னால் பூந்தோட்டம், அப்பா சாய்வு நாற்காலியில் பத்திரிகை படிக்கிறார். எழுதியவன் இருந்ததோ லயம் என்ற வரிசை வீட்டில், ஒரு காம்பரா என்ற ஒற்றை அறையிலும் ஓர் இஸ்தோப்பிலும், ஏழு பேரோடு. பொய்யை மனப்பாடம் செய்தால் வாய்க்கு வராது. இரவில் கோப்பை கழுவும்போது அன்று நடந்த ஐந்து விஷயங்களைச் சத்தமாகச் சொல். எல்லாம் இறந்தகாலத்தில் வரும், தானாகப் படியும். ஆங்கிலத்தில் 'அ' (a) வருமா, 'த' (the) வருமா என்ற குழப்பத்துக்குப் பாட்டி கதையை நினை: ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு மகள். முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. முழுக்கச் சரிவராது, பாதிக் கிணறு தாண்டலாம். தமிழில் ஒவ்வோர் ஆளுக்கும் வினை வால் மாற்றுகிறது. ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு மிஞ்சியிருப்பது அவன், அவள், அது என்று வரும்போது ஒட்டும் ஒரு 'ஸ்' மட்டும். அதையும் நாம் விழுங்கிவிடுகிறோம்!

இலக்கணம் தப்பினால் என்ன ஆகும் என்று பயப்படாதே. என் தாய்மாமன் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள், பங்களாவில் ஆங்கிலம் போகவில்லை. புதிதாக வந்த துரை நாயிடம்கூட ஆங்கிலத்தில்தான் பேசுவார். மாமா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். 'மாஸ்டர், கம் சூன், சூப் கோல்ட் கம்மிங்' என்பார். யாரும் சிரித்ததில்லை, ஓடிவந்து உட்காருவார்கள். இருபது பேர் விருந்தை அந்த ஆங்கிலத்தை வைத்து நடத்தியவர். எங்கள் ஆங்கில வாத்தியார் தவறில்லாமல் எழுதுவார், துரையைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒதுங்குவார்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் டொக்டரிடம் போகப் பத்து வயதுப் பெண்ணை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தாயின் கர்ப்பப்பை நோயை அந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் சொல்லும்? மறுபக்கம், வந்து மூன்றாம் மாதமே தண்ணீர் கேட்கும்போது 'வாட்டர்' என்பதன் நடுவெழுத்தை இவர்களைப் போலவே விழுங்குகிற கனவான்கள். இருவரிடமும் தூரமாக இரு. ஏதாவது தமிழ் விழாவுக்குப் போனால் உன் மலையகத் தமிழைக் கேட்டு, 'நீங்கள் இந்தியாவா?' என்பார்கள். லிந்துலைக்குப் பக்கத்துத் தலவாக்கலை என்றால், 'ஓ, தோட்டமா' என்று குரல் இறங்கும். என்னிடம் இறங்கியிருக்கிறது. இங்கிலீஷ்காரன் என் ஆங்கிலத்துக்குச் சிரித்ததைவிடத் தமிழன் என் தமிழுக்குச் சிரித்ததுதான் எனக்கு வெகுநாள் வலித்தது.

ஆனால் அந்தத் தோட்டம்தான் இங்கே எனக்கு வாய் திறந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் எடின்பரோ போயிருந்தேன். 'ஹோலிரூட்' என்று ஒரு பெயர்ப்பலகை! தலவாக்கலையில் ஹோலிரூட் தோட்டம் எங்களுக்குப் பக்கம். சின்ன வயதில் அது ஏதோ தமிழ்ச் சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஸ்கொட்லாந்துக்காரரிடம், 'எங்கள் ஊரிலும் ஹோலிரூட் இருக்கிறது, பால்மோரலும் இருக்கிறது, அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்' என்றேன். மனிதர் நம்பவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற அவர் நாட்டுக்காரர்தான் இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கினார் என்று சொன்னேன். அரைமணி நேரம் பேசினோம். எத்தனை 'த' விட்டேன் என்று எண்ணவில்லை. கொழுந்து எடுப்பது எப்படி, செடியைக் கவ்வாத்து வெட்டுவது எப்போது, அட்டை கடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார். மனைவிதான் கையைப் பிடித்து இழுத்தாள், மழை பிடித்துக்கொண்டது என்று.

கோட் வாங்காதே. என் மகன் ஒரே வருடத்தில் வளர்ந்து உடம்பு மீறிப்போன நல்ல கோட் ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. உனக்குக் கை கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துப் போட்டுக்கொள். வரும் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு டீக்கு வா. சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதே.