பக்கத்துத் தெருவில் பன்றிக் காய்ச்சல்: வீட்டில் கர்ப்பிணியும் சர்க்கரை நோயாளியும் இருந்தால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணியான தங்கையும், சர்க்கரை நோய் உள்ள அப்பாவும் இருக்கிறார்கள். இது என்ன நோய், எப்படித் தப்பிப்பது, கறி சாப்பிடுவதை நிறுத்த வேண்டுமா?

நான் மருத்துவர் அல்ல. கோவைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். 2009-லிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் இந்தக் கேள்வி கவுன்ட்டருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கறி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சமைத்த பன்றிக் கறியிலிருந்து இது வராது, கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2009-ல் எகிப்து அரசு பயந்துபோய் நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. நோய் அப்படியும் உள்ளே வந்தது. கெய்ரோவில் உணவுக் கழிவைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தவை அந்தப் பன்றிகள்தான் என்பதால், ஊரில் குப்பை மலைபோல் குவிந்ததுதான் மிச்சம். இன்று இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் காய்ச்சல், அவ்வளவுதான்.

பன்றிக் காய்ச்சல் ஒரு வகை ஃப்ளூதான். அதில் பன்றி எப்படி உள்ளே வந்தது என்றால், ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு விதமான ஃப்ளூ வைரஸ் ஒரே நேரத்தில் புகுந்தால், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி துண்டுகள் இடம் மாறிப் புது வைரஸ் பிறக்கும். பன்றிக்கு அதன் சொந்த ஃப்ளூ மட்டுமல்ல, பறவை ஃப்ளூவும் மனித ஃப்ளூவும்கூட வரும், அதனால் அங்கே இந்தக் கலப்பு எளிது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்த எச்1என்1, அதாவது இந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸ், அப்படி வந்ததுதான். மே மாதத்தில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி, ஆகஸ்டில் புனேயில் முதல் மரணம். அந்த வாரங்களில் மாஸ்க் கேட்டு வந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் வைரஸ் எங்கும் போய்விடவில்லை. வருடாவருடம் வந்துபோகும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாக நம்மோடு தங்கிவிட்டது. 2015-ல் இந்தியாவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உறுதியாகி, சுமார் 3 ஆயிரம் பேர் இறந்தார்கள். சொல்லப்போனால் 2009-ஐ விட மோசமான ஆண்டு அது. ஆக, பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பெயர் சொல்லி உறுதியாகியிருக்கிறது என்றால், பரிசோதனை செய்யாமலே வந்துபோனவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அந்த வீட்டை ஒதுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இது காய்ச்சல், இருமல், தொண்டை வலி, அடித்துப் போட்டது போன்ற உடம்பு வலி என்று ஒரு வாரத்தில் போய்விடும். சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் இருக்கும். பயப்பட வேண்டியது, அது நுரையீரலுக்குள் இறங்கும் சிலரைப் பற்றித்தான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். உங்கள் வீட்டில் இதில் இரண்டு பேர். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. "ஏனுங்க, காய்ச்சல், சளி, மேல் வலி... ஒரு செட் குடுங்க" என்பார்கள். செட் என்பது நாலைந்து மாத்திரையை வெட்டி ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பது. பாராசிட்டமால், சளிக்கு ஒன்று, ஒரு ஆன்டிபயாட்டிக், சில கடைகளில் கூடவே டெக்ஸா போன்ற ஒரு குட்டி ஸ்டீராய்டு. மாத்திரையின் பெயரும் தெரியாது, காலாவதி தேதியும் தெரியாது, இரண்டும் அட்டையின் வெட்டாத பக்கத்தில் போய்விட்டிருக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அடக்கி, உடம்பைச் சுறுசுறுப்பாகக் காட்டும், உள்ளே வைரஸ் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். "நேத்து நல்லா இருந்தாருங்க, இன்னைக்குத் திடீர்னு மூச்சு வாங்குது" என்று வந்து நிற்பவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் கையில் அந்த உறை இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அது இரட்டை ஆபத்து, ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும். என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: செட் வாங்காதீர்கள்.

மத்திய அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல் உள்ள ஆரோக்கியமானவர் ஏ. அவருக்கு வீட்டில் ஓய்வு போதும், பரிசோதனை வேண்டாம், வைரஸ் மாத்திரையும் வேண்டாம், இரண்டு நாளில் மருத்துவர் மறுபடி பார்த்தால் சரி. கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர், அல்லது லேசாக வந்தாலும் நான் மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர் பி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது, ரத்த அழுத்தம் இறங்குவது என்றால் சி, நேரே மருத்துவமனை. குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலும் அதே கணக்கு.

உங்கள் தங்கையும் அப்பாவும் காய்ச்சலோடு இருமினால், முதல் நாளே பி. "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பது அவர்களுக்குப் பொருந்தாது. ஏனென்றால் ஒசல்டமிவிர் என்ற மாத்திரை (டாமிஃப்ளூ என்றால் பலருக்குத் தெரியும்) முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். கர்ப்பிணிக்கும் தரலாம், தர வேண்டும் என்றே மருத்துவ உலகம் சொல்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, மருத்துவர் பார்த்துவிட்டு அன்றே எழுதித் தருவார். 2017 வரை இந்த மாத்திரையை விற்க ஷெட்யூல் எக்ஸ் என்ற தனி உரிமம் வேண்டும், அதனால் பெரும்பாலான கடைகளில் கிடைக்காது. இப்போது ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் எங்கள் மாதிரிக் கடைகளிலும் உண்டு, தனி நோட்டில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு தருவோம். சீட்டு இல்லாமல் கேட்டு எங்களோடு சண்டை போடாதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல், டெங்கு. தொண்டை வலியும் இருமலும் சேர்ந்து இருந்தால் ஃப்ளூ பக்கம், அவை இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, தடிப்பு என்றால் டெங்கு பக்கம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் முதல் நாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் எது என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக் ஊசி, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கொரோனா நேரத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பரணில் கிடக்கும். எடுத்துப் புது பேட்டரி போட்டு வையுங்கள். நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் கிளம்பிவிடுங்கள், 108 இருக்கிறது. கர்ப்பிணிக்கு 95 வந்தாலே மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சலும் அதிக இருமலும் வந்தால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். அப்போது மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்குக்கு அர்த்தம் உண்டு.

தொற்றாமல் இருக்க வழி கொரோனாவில் கற்றதுதான், புதிதாக ஒன்றுமில்லை. இருமல், தும்மல் துளியில் பரவுகிறது, அந்தத் துளி பட்ட கதவுப்பிடி, செல்ஃபோன் வழியாகக் கைக்கு வந்து மூக்குக்குப் போகிறது. நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார்கள், ஒரு வாரம்வரை பரப்பலாம். வீட்டில் யாருக்காவது வந்தால் ஜன்னல் உள்ள தனி அறை, நோயாளிக்கு மாஸ்க், தனித் துண்டு. பாத்திரம், துணிக்கு வழக்கமான சோப்பு போதும். கவனிப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், அந்த ஆள் கட்டாயம் உங்கள் தங்கையாக இருக்கக்கூடாது. நம் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சி வைத்துக் கொடுப்பது பெண்கள் தலையில்தான் விழும், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா காய்ச்சலில் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் ஒரு ஃபோன்.

நிலவேம்பு பற்றி யாராவது கேட்பார்கள். விரும்பினால் மற்றவர்கள் குடிக்கட்டும், தடுப்பூசிக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசிதான் நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய உருப்படியான வேலை. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், எச்1என்1 அதில் கட்டாயம் இருக்கும். போட்டு சுமார் இரண்டு வாரத்தில் எதிர்ப்பு வரும். நோயே வராது என்று உத்தரவாதம் இல்லை, ஐசியூவரை போகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். இது செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்குப் போடலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது என்பதால், அம்மா போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு போகும். மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது கேளுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனால் ஒரே அலைச்சலில் முடியும்.

சில மருத்துவர்கள் கடையில் வாங்கி வரச் சொல்வார்கள். பெட்டியில் எந்த ஆண்டுக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும், போன வருடத்தது என்றால் வாங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் இது. கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஐஸ் பேக்கோடு தெர்மோகோல் டப்பாவில் தர வேண்டும், ஊசி ஐஸை நேராகத் தொடக்கூடாது, உறைந்தால் வீண். மருத்துவர் உட்காரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அப்புறம் வாங்குங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், வெயிலில் அது அடுப்பு.