காகிதத்தில் ஒரு தோரணவாயில்

கேள்வி: அரசர்கள் வம்சப் பெருமையைக் கல்லிலும் செம்பிலும்தான் பொறிப்பார்கள். ஐரோப்பாவில் ஒரு பேரரசர் காகிதத்தில் அச்சடித்தாராமே, உண்மையா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: உண்மைதான். முதலாம் மாக்சிமிலியன் என்ற அந்தப் பேரரசருக்குப் பெருமை ஏராளம், கடனும் ஏராளம். கல்லில் தோரணவாயில் கட்டுவதற்குப் பதிலாக, நியூரம்பர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரையும் கூட்டாளிகளையும் கொண்டு மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் அச்சடிக்கும்படி ஒன்றை உருவாக்கினார். 195 கட்டைகள், 36 தாள்கள். எல்லாவற்றையும் ஒட்டி மாட்டினால் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம்! படத்தில் 1515 என்று இருக்கிறது. அச்சேறியது 1517-18இல், சுமார் 700 படிகள். கல் வாயிலைப் பார்க்க நாம் போக வேண்டும். இது சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும்.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் முப்பது ஆண்டுகள் டிரெடில் என்ற காலால் மிதிக்கும் அச்சு இயந்திரத்தை மிதித்தவன் நான். அதனால் எனக்கு வியப்பு டியூரரிடம் இல்லை, கட்டை செதுக்கிய ஹிரோனிமஸ் ஆண்ட்ரேயிடம்தான். வரைந்த கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும், எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். உளி வழுக்கினால் ஒரு மூதாதையருக்கு மூக்கு போய்விடும்.

வாயிலின் நடுவே வம்சமரம். அடியில் டிராய், சிகாம்ப்ரியா, பிரான்சியா என்ற நாடுகள் மூன்று பெண்களாக அமர்ந்திருக்க, மேலே பிராங்கு அரசர் குளோவிஸில் தொடங்கி மாக்சிமிலியன் வரை ஏறுகிறது. அதுவும் போதாமல், நோவா வரை தன் வம்சத்தைக் கொண்டுபோக முடியுமா என்று வியன்னா இறையியல் அறிஞர்களைக் கேட்டவர் அவர். சிரிக்காதீர்கள். நம் வட ஆற்காட்டில் கிடைத்த வேலூர்ப்பாளையம் செப்பேடு, பல்லவர்களைப் பிரம்மாவில் தொடங்கித் துரோணர், அசுவத்தாமன் வழியாகத்தான் இறக்குகிறது.

என்னிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர், தாத்தா பெயருக்கு முன்னால் 'ஜமீன்தார்' என்று சேர்க்கச் சொன்னார். புரூஃப் பார்க்க வந்த பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் அப்பா ஜமீனில் கணக்குப் பிள்ளை, தம்பி," என்றார். அந்த வரியைப் பிரித்து மறுபடி கோத்தேன். கூலி கேட்கவில்லை.

டியூரரின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த பொற்கொல்லர். அவருடைய சொந்த ஊர்ப் பெயருக்கு அந்த மொழியில் 'கதவு' என்று பொருள். 1523இல் டியூரர் தன் குடும்பச் சின்னத்தைக் கட்டையில் அச்சடித்தபோது, கேடயத்தில் வரைந்தது ஒரு திறந்த கதவு.