சாவி யார் கையில்?

கேள்வி: காரைக்குடியில் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் நிர்வாணப் படங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஓவியம் படித்த தோழி ஒருவர், வயது 27, சம்மதித்திருக்கிறார். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. இங்கே பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு ஒன்றை ஒரு நாளைக்குப் பிடித்தால் என்ன?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பர்மாத் தேக்குத் தூண், நடு முற்றமான வளவில் விழும் வெயில், முட்டை வெள்ளைக் கலவை பூசிய பளபள சுவர், யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆளில்லாத வீடு வேறு, கண்ணில்லாத வீடு வேறு. அப்பத்தா காலத்து வீட்டுக்கு இன்றைக்குப் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மட்டும் வந்து போகிறவர், சாவி மட்டும் வாட்ச்மேன் இடுப்பில். அவர் கையில் ஐநூறு ரூபாயைத் திணித்து உள்ளே போனீர்கள் என்றால் அவர் வேலை போகும், அந்தப் பெண்ணின் பெயர் பொழுது சாய்வதற்குள் டீக்கடை வரைக்கும் போகும். முறையாக உரிமையாளர்களிடம் கேட்டு எடுக்கலாம்தான், ஆனால் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்து எடுத்து விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, வளவு மேலே திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப் போட ஒருவர் ஏறினால் போதும்.

ஒரு ஆளைப் படம் எடுக்க உங்களுக்கு எண்பது அடி நீள வீடு எதற்கு? பத்துக்குப் பத்து அறை, ஒரு ஜன்னல், உள்தாழ்ப்பாள் உள்ள கதவு, இவ்வளவுதான் தேவை. உங்கள் வீட்டிலோ தோழியின் வீட்டிலோ அப்படி ஒரு அறை பகலில் சும்மா கிடந்தால் செலவே இல்லை. இல்லையென்றால் ஊர் ஓரத்தில் சின்ன ஓட்டு வீடு, நண்பர் புதுவீடு கட்டிக் குடிபோகாமல் வைத்திருக்கும் மாடி அறை, இல்லையா, வீட்டுக்காரர்கள் தாங்களே நடத்தும் ஹோம்ஸ்டே. கானாடுகாத்தான் பக்கம் வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் குளிர்காலத்தில். சித்திரை வைகாசி வெயிலில், அதிலும் முகூர்த்தம் இல்லாத வார நாளில் கேட்டுப் பாருங்கள், பேரம் படியும். மின்விசிறி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மூடிய அறையில் வேர்த்துக் கொட்டும்.

யாரிடம் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். ‘சும்மா போட்டோ ஷூட்’ என்று சொல்லி உள்ளே போய்விட்டால், நடுவில் வீட்டு ஆச்சி காபி கொண்டுவந்து கதவைத் தட்டும்போது யார் முகத்தில் முழிப்பீர்கள்? ‘ஓவிய மாணவர்கள் பார்த்து வரைவது போல, ஆடையில்லாத படம், இருவரும் பெரியவர்கள், வீடு அடையாளம் தெரியாது’ என்று சொல்லுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் மாட்டேன் என்பார்கள், சரி, போகட்டும். ஒத்துக்கொண்டவரிடம் தேதி, நேரம், எந்த அறை, இன்ன படம் என்று நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமி அறை உள்ள கட்டுப் பக்கமே போகாதீர்கள்.

இனி வெளிச்சம். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம், நேர் வெயில் அதிகம் விழாமல் நாள் முழுக்க ஓரளவு ஒரே மாதிரி மென்மையான ஒளி வரும். கிழக்கு ஜன்னல் என்றால் வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டிவிடுங்கள், வெயிலும் வடியும், தெருவில் போகிறவருக்கு உள்ளேயும் தெரியாது. ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் நிழல் ரொம்ப இருண்டால் ஒரு தெர்மோகோல் அட்டை, இன்னும் இருள வேண்டும் என்றால் கறுப்புப் போர்வை. 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் அந்த அறைக்குத் தாராளம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வண்ணத்தில் எடுப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: வெயில் சிவப்புக் கல்லில் பட்டுத் தெறித்தால் உடம்பின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மை ஏறிவிடும், கேமராவுக்குத் தெரியாத தரையில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரித்தால் சரியாகிவிடும். அறையில் பழைய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் அதில் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள். தோழியைக் காலையிலிருந்தே தொளதொள நைட்டியில் இருக்கச் சொல்லுங்கள், எலாஸ்டிக் தடம் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கேள்வி: போட்டோகிராபர் நண்பர் ஒருவர் இப்படிப் படம் எடுக்கக் கேட்கிறார். எனக்கும் விருப்பம்தான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. லாட்ஜில் எடுக்கலாம் என்கிறார். சட்டப்படி தப்பா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆடையில்லாத படம் என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் சொல்லிவிட்டது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையில்லாமல் நின்ற படத்தை இங்கே மறுபதிப்புச் செய்ததுதான் வழக்கு. அதற்காக எதையும் இணையத்தில் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை, ஆபாசம் என்று யாராவது புகார் கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இருக்கவே இருக்கிறது. உங்கள் பக்கம் நிற்கும் சட்டமும் உண்டு: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மற்றவருக்குக் காட்டச் சம்மதிக்காவிட்டால், பரப்புவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே எடுக்க ஒரு சம்மதம், வெளியிட இன்னொரு சம்மதம், இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரியலாமா, எங்கே வெளிவரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பேச்சே கிடையாது, போக்சோ.

லாட்ஜ் எனக்குப் பிடிக்காத இடம். வரவேற்பில் இருவரின் ஆதாரையும் வாங்குவார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு எதற்கு ரூம் என்று கேள்வி வரும், அறைக்குள் எங்கே என்ன பொருத்தியிருக்கிறார்களோ தெரியாது. அதே காசுக்கு உங்களுக்குத் தெரிந்த தோழி வீட்டு அறை எவ்வளவோ மேல். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அவர் அல்ல. நம்பிக்கையான ஒரு தோழியைக் கூட அழைத்துப் போங்கள், அதற்கு அவர் முகம் சுளித்தால் அந்த ஆளே வேண்டாம். செல்போனில் எடுக்கவே கூடாது: பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸ் தானாகவே மேலே ஏற்றிவிடும், வீட்டு டேப்லெட்டில் உங்கள் தம்பி பார்ப்பான். கேமராவில் எடுத்து, கிளம்பும் முன்பே கார்டில் உள்ளதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, வேண்டாதவற்றை அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்மாய்க் கரை, தைல மரக் காடு? ஈ காக்கை கிடையாதே!
– கல்லல் வாசகர்

பதில்: ஈ காக்கை இல்லை, ஆடு இருக்கிறது, ஆட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார். பொது இடத்தில் அடுத்தவர் முகம் சுளிக்கும்படி ஆபாசமாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. ஊருணிப் பக்கம் என்றால் போலீஸ் வருவதற்கு முன்பே ஊர் வந்துவிடும். வெளியில்தான் எடுக்க வேண்டும் என்றால் வேலியோ சுற்றுச்சுவரோ போட்ட சொந்தக்காரர் தோப்பு ஒன்றைக் கேளுங்கள், உடை மாற்ற மோட்டார் ரூம் இருக்கும். பக்கத்து வயல்காரருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், அந்த நேரத்துக்கு மோட்டார் போட அவர் வரப்போடு வந்துவிடுவார்.