உப்புவெளி வீடு: முற்பணம் கொடுப்பதற்கு முன்

வணக்கம். உரிமையாளர் கனடாவில் வசிப்பதால், அவருக்காகச் செயற்பட அதிகாரமளிக்கும் பத்திரமான அற்றோணித் தத்துவத்தை அவருடைய தம்பி காட்டி, திருகோணமலை உப்புவெளி வீட்டுக்கு இந்தக் கிழமைக்குள் முற்பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டாலோ, அதனை மீளப் பெற்றுக்கொண்டாலோ அது வலுவிழந்துவிடும். ஆகவே, காணியை விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பதிவு செய்யப்பட்ட பிரதியில் பார்ப்பதோடு, உரிமையாளருடன் காணொளி அழைப்பில் நேரடியாகப் பேசி, விலையை அவர் வாயாலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குத் தம்பி சாக்குப்போக்குச் சொன்னால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, விற்பவர் அழைத்துவரும் நொத்தாரிசை (காணி உறுதி எழுதுபவரை) நம்பியிராமல், நீங்களே ஒருவரை அமர்த்தி, காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கான பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு (அடமானம்), வழக்கு ஆகியவற்றுடன் சீவிய உரித்தையும் கவனிக்க வேண்டும். பெற்றோர் அதனைத் தமக்கென ஒதுக்கிவிட்டுப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த வீடாயின், அவர்கள் உயிருடன் இருக்கும்வரை அங்கு வாழும் உரிமை அவர்களுடையதே. காணி உறுதிக்குப் பதிலாக அரச காணி அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால், அந்தக் காணியைச் சாதாரண விற்பனை உறுதியால் வாங்க இயலாது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் வீடு இருந்தால், பின்னர் அறை கூட்டிக் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம். கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன், ஆவணி புரட்டாதியில் குடித்துப் பாருங்கள். உவர் அப்போதுதான் தெரியும்.