103 சுற்று அச்சுப்பிழை இல்லை

‘1924 ஜனநாயகக் கட்சி மாநாடு, 103 சுற்று வாக்கெடுப்பு’ என்ற வினாடி வினாக் குறிப்பை 13 என்று திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், 103 சரிதான்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டிய அந்த மாநாடு, நியூயார்க்கில் ஜூன் 24 தொடங்கி ஜூலை 9 வரை இழுத்தடித்தது. அன்றைய கட்சி விதிப்படி அதிபர் வேட்பாளராக, பாதிக்கு மேல் வாக்கு போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். போட்டியில் முன்னணியில் இருந்த மெக்காடூ, ஆல் ஸ்மித் இருவராலும் அதை எட்ட முடியவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஸ்மித் கத்தோலிக்கர், மெக்காடூவுக்கோ கத்தோலிக்கர்களை வெறுத்த வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் ஆதரவு. வெறும் பதவிச் சண்டை என்றால் எப்போதோ முடிந்திருக்கும்!

கடைசியில் இருவரும் இல்லை, ஜான் டேவிஸ். அவரும் நவம்பர் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கூலிட்ஜிடம் தோற்றார், பாவம். அந்த மூன்றில் இரண்டு பங்கு விதியை 1936-இல்தான் கைவிட்டார்கள்.

அப்புறம், குறிப்பில் ஸ்மித்தை 1924 வேட்பாளர் என்று போட்டிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அவருக்கு வாய்ப்பு கிடைத்தது 1928-இல்.